மயிலைக்கு ஒரு விளம்பரம்

எண்ணெய்ச் செக்கில் மயிலை, செவலை என்று இரண்டு காளைகள் அடிமைப்பட்டுக் கிடந்தன. ஒருநாள் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடிவிட்டது. முதலாளி பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்.

அங்கே ஒரு வெள்ளாடு உண்டு. பேப்பரைப் படித்துவிட்டுத்தான் தின்னும். அது மயிலைக்குப் படித்துக் காட்டியது.

“ஓடிப்போன செவலையைப் பிடித்துத் தருவோருக்குச் சன்மானம். முதுகில் சாட்டைத் தழும்பு உண்டு. நல்ல உழைப்பாளி, கம்பீரமானவன்.” பக்கத்தில் ஒரு காளையின் படம்.

மயிலைக்கு வயிறு எரிந்தது. “அவனா உழைப்பாளி? பாதிச் சுற்றிலேயே படுத்துக்குவான். என் முதுகில் இல்லாத தழும்பா? என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்?”

“நீதான் ஓடலையே, உன்னை எதுக்குப் புகழணும்?” என்றது ஆடு, மென்றுகொண்டே.

அவ்வளவுதான். மயிலையும் அறுத்துக்கொண்டு ஓடியது. காட்டில் செவலை, “வந்துட்டியாடா” என்று நல்ல புல்லாகப் பார்த்து விட்டுக்கொடுத்தது. மயிலைக்குப் புல் இறங்கவில்லை. பேப்பருக்காகக் காத்துக் கிடந்தது.

ஆடு கொண்டுவந்தது. மயிலைக்கும் தழும்பு, உழைப்பு, கம்பீரம் எல்லாம் போட்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் மயிலை கொதித்தது.

“இது இவன் படமாச்சே.”

“அச்சாபீசில் இருக்கறதே அந்த ஒரு மாட்டுப் படந்தான். யார் ஓடினாலும் அதையே போடுவாங்க” என்றது ஆடு.

“என் கொம்பு இப்படியா வளைஞ்சிருக்கு? இதை வைத்து எவனாவது என்னை அடையாளம் கண்டுபிடிப்பானா?”

“அதுதானடா நமக்கு நல்லது” என்றது செவலை.

மயிலை காதில் வாங்கவில்லை. படத்தை மாற்றச் சொல்ல முதலாளி வீட்டுக்கு நடையைக் கட்டியது.