உள்ளே பெய்யும் மழை

வெளியே மழை விட்டு ஒரு நாளாகிறது. அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளி முழுக்க வெயில் காய்கிறது. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய ரக்னாவின் வீட்டுக்குள் மட்டும் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் மடியில் பலகையை வைத்து, நார்வேயில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் எழுதுகிறாள். இருக்கிற ஒரே குடை மாவு மூட்டைக்கு மேல் விரிந்திருக்கிறது. தலையில் விழும் சேற்றுத்துளியை அவள் துடைப்பதில்லை. தாளை மட்டும் நகர்த்திக்கொள்கிறாள். அவள் புருஷன் ஹால்வர் நிறைந்த வாளியை வெளியே கொட்டிவிட்டு வருகிறான். "நம்ம ஊர்லயும் புல்கூரைதானே? ஒரு சொட்டு ஒழுகினதில்லையே." "அங்க புல்லுக்கு அடியில தண்ணி இறங்காம பிர்ச் மரப்பட்டை போட்டிருந்தாங்க. இங்க நாப்பது மைலுக்கு ஒரு மரம் உண்டா? எல்லாம் தெரிஞ்சவராட்டம் வெறும் மண்ணை வெட்டி அடுக்கிட்டீங்க." அவன் தாடியைச் சொறிகிறான். "பேசாம ஊருக்கே திரும்பிடலாமா, ரக்னா?" அவள் கூரையை நிமிர்ந்து பார்க்கிறாள். வாசல் வெயிலில் ஒவ்வொரு துளியும் தேன்போல மின்னி வாளியில் விழுகிறது. அடுத்த கப்பலில் வரப்போகிற தங்கை, என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டிருக்கிறாள். ரக்னா பேனாவை மையில் தோய்க்கிறாள். 'அம்மாவின் வெள்ளிக் கரண்டிகள் உன்னிடமே இருக்கட்டும். எனக்கு பிர்ச் பட்டை கொண்டு வா. ஒரு கூரைக்குப் போதுமான அளவு.'