ஆட்டுக்குட்டியைக் கொல்லாதே

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு விலங்குக் கதை எழுதுவது அவளுக்குக் கைவந்த கலை. அதை முதலில் கணவனிடம் வாசித்துக் காட்டுவதுதான் தலைவலி.

"கடைசியில ஆட்டுக்குட்டி செத்துப்போகுதா?" அவன் குரல் தழுதழுத்தது. "மாத்திடும்மா."

"மூணு தடவை மாத்தியாச்சு! ஓநாயைப் புல்லு திங்கச் சொல்றீங்களா? பத்திரிகையிலிருந்து போன் மேல போன். படிக்கிற பிள்ளைங்ககூடத் தாங்கிக்கும், உங்களுக்குத்தான் பொறுக்கல."

"அது அம்மாவைத் தேடிக் கத்துறது காதுலயே நிக்குதே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களைக் கட்டிக்கிட்டு நான் எங்க எழுதி உருப்படுறது!"

"கதையிலயாவது ஒண்ணு பொழைச்சுப் போகட்டுமே."

அதற்குள் அவன் செல்போன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே. கடை திறக்க இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. ரெண்டு கிலோதானே? இளங்குட்டியாவே இருக்கு, இதோ வந்து வெட்டித் தர்றேன்."

கறிக்கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனான்.

அவள் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்து, ஆட்டுக்குட்டியைப் பிழைக்க வைத்தாள்.