சொல்லாத பெயர்

நினைவு முழுதாகத் தப்பிய பிறகு தன் வைத்தியத்தை மகள் வெண்ணிலாதான் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வந்திருந்தாள் சௌந்தரம். மகன்கள் கையில் விட்டால் உடம்பெல்லாம் குழாய் சொருகி வருடக்கணக்கில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று பயம். மறதி ஆரம்பித்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெளிவாக இருக்கிறாளா என்று தெரியாமல் முத்திரை போட நோட்டரி வக்கீல் தயங்கினார்.

"வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா."

வெண்ணிலா சிரித்தாள். "அது மட்டும் நடக்காது சார். அப்பா இறந்த பிறகும் எங்கம்மா அவர் பேரைச் சொன்னதே இல்லை."

"இனிமே கோவிச்சுக்கவா போறார்? சும்மா சொல்லுங்க."

சௌந்தரம் வாயைத் திறந்தாள். வழக்கமான கூச்சம் வந்து தடுத்தது. ஆனால் எப்போதும் அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் பெயர் நின்றுகொண்டிருக்கும். இன்று அங்கே யாராவது இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. சொல்லாமல் இருப்பதும் சொல்லத் தெரியாமல் இருப்பதும் உள்ளே ஒரே மாதிரிதான் இருந்தன.

"சரி, எழுதிக் காட்டுங்க. எழுதினா தப்பில்லையே?"

பேனாவை வாங்கினாள். எப்போதும் கையெழுத்தில் போடும் அவர் இனிஷியல், 'த', தானாக விழுந்தது. பேனா அங்கேயே நின்றது.

"எழுதக்கூட வெட்கம் பாருங்க சார்," என்றாள் வெண்ணிலா பெருமையாக.

வக்கீலும் சிரித்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

"ஆமா, வெட்கம்தான்," என்றாள் சௌந்தரம், மகளின் முகத்தை உற்றுப் பார்த்தபடி.