ஒரே நீலச் சட்டை

குளச்சலில் கல்யாண வீடோ, சாவு வீடோ, யூஜின் அந்த நீலச் சட்டையில்தான் வருவார். "துணியா வாங்கிக் குவிச்சு பூமியக் கெடுக்காதிய மக்கா" என்பார். அதைக் கேட்டு, இளைஞர் மன்றத் தலைவன் ரிஜோ கிறிஸ்மஸுக்குக்கூடப் புதுத்துணி எடுக்கவில்லை. மனைவி அபினாவையும் எடுக்கவிடவில்லை.

மன்றம் யூஜினுக்குப் பாராட்டு விழா வைத்தது.

"அண்ணே, அந்தச் சட்டைய மன்றத்துக்குத் தாங்க. கண்ணாடிப் பெட்டியில வைப்போம்" என்று மேடையில் கேட்டான் ரிஜோ.

யூஜின் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு வீட்டுக்கு நடந்தார். ரிஜோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலைப் பூசைக்கு யூஜின் அதே நீலச் சட்டையில் வந்து நின்றார்.

ரிஜோ மன்றத்துக்கு ஓடினான். பெட்டியில் சட்டை பத்திரமாக இருந்தது.

திரும்பி வந்தவனிடம் அபினா மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, அண்ணன் இந்தக் கலர்ல எத்தன டஜன் எடுத்து வச்சிருக்காவளாம்?"