அசலில் இல்லாத பிழை

“அசல்ல ஓடுது, நகல்ல ஓட மாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம் தம்பி? நகல் எடுக்கத் தெரியலன்னுதான அர்த்தம்?”

தில்லைநாயகம் கோபமாகக் கேட்கவில்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், குரலை உயர்த்தாமலே எதிராளியைக் குறுக வைக்கத் தெரிந்தவர். ஏசி ஓடிய அறையிலும் சுந்தருக்கு வியர்த்தது.

பாளையங்கோட்டையில் அவரும் அவருடைய நெடுநாள் சிநேகிதர் முகம்மது சுல்தானும் கூட்டாகத் தொடங்கும் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் அது. மறுநாள் காலை திறப்பு. கம்ப்யூட்டர்களை விற்ற கடையிலிருந்து வந்திருந்தான் சுந்தர். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் எல்லா புரோகிராம்களையும் ஏற்றிச் சரிபார்த்துவிட்டு, அதன் ஹார்டு டிஸ்கை அப்படியே மற்ற ஒன்பதுக்கும் நகல் எடுக்க வேண்டும். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை. மூன்றாம் நாளாக இழுத்துக்கொண்டிருந்தது.

மற்றதெல்லாம் ஓடின. பிள்ளைகள் பணம் கட்டிப் படிக்க வரப்போகிற அந்தக் கணக்கு புரோகிராம் மட்டும், ஒன்பதிலும், திறந்த வேகத்தில் ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அதனுடன் வந்த புத்தகத்திலும் போடவில்லை. அசலில் மட்டும் சமர்த்தாக ஓடியது.

சுந்தர் கேபிளை மாற்றினான். டிஸ்கைச் சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி நகல் எடுத்தான். கடையிலிருந்து புது டிஸ்க் வரவழைத்தும் பார்த்தான். அதே எண்தான் வந்தது. முதலாளி வன்னியராஜுக்குப் போன் செய்தால் அவர் வழி ஒன்றும் சொல்லவில்லை. சரக்கு திரும்பி வந்தால் மறுநாளிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். அதற்கு முந்தின வேலை போய், இதைத் தேடிப் பிடிக்கவே சுந்தர் ஒரு வருஷம் அலைந்திருந்தான்.

சுல்தான் பாய்தான் அவ்வப்போது டீ வாங்கிவந்து, பைய பாருங்க தம்பி என்று ஆறுதல் சொன்னார். தில்லைநாயகமோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். எந்தக் கம்ப்யூட்டரையும் அவர் விரலால்கூடத் தொடவில்லை.

சாமான் இறக்க வந்தவர்கள், மார்கழியில் போய்த் திறக்கிறீர்களே என்று இழுத்தபோது, “கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா மார்கழி?” என்று அவர் சிரித்ததை சுந்தர் கேட்டிருந்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர் இப்படிப் பேசுகிறாரே என்று அப்போது அவர்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

“அஞ்சு மணி வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல உங்க மொதலாளிக்குச் சொல்லிருவேன், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும்” என்றார் தில்லைநாயகம்.

வேறு வழி தெரியாமல், அசலில் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான் சுந்தர். கணக்கு புரோகிராமின் கோப்பு ஒன்றில் பார்வை நின்றது. அது முதலில் எழுதப்பட்ட நாள், ஜனவரி பதினாலு என்று இருந்தது. இன்னும் டிசம்பரே முடியவில்லை.

கம்ப்யூட்டரின் தேதியைத் திறந்தான். மணி சரியாக இருந்தது. தேதி மட்டும் ஜனவரிக்குப் போயிருந்தது. சுந்தருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடைசியாக ஓடிய நாளை அந்த புரோகிராம் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பும் சேர்ந்து நகலாகியிருக்கிறது. மற்ற ஒன்பதிலும் தேதி சரியாக இருக்கிறது. உரிமக் கெடு முடியாமலிருக்கத் தேதியைப் பின்னுக்கு இழுத்து யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து அது மூடிக்கொள்கிறது.

“முந்தாநாளே யாரோ இதுல தேதிய மாத்தியிருக்காங்க சார். ஜனவரி பதினாலுக்கு, தை ஒண்ணாந்தேதிக்கு.”

தில்லைநாயகம் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுல்தானைப் பார்த்தார். சுல்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தில்லைநாயகம் முந்திக்கொண்டார்.

“நான்தான் தம்பி. மனசு கேக்கல, மாத்திட்டேன். உங்கள வேற ஏசிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க.”

தேதியைத் திருத்தி, புரோகிராமைப் புதிதாக ஏற்றி, சுந்தர் மறுபடி நகல் எடுத்தான். ஒன்பதும் ஓடின. வேலை தப்பியது. வெளியே பேச்சு ஒன்று, உள்ளே பயம் ஒன்று என்று பெரியவரை நினைத்து அவனுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. வன்னியராஜிடம் இதை எப்படி நடித்துக் காட்டலாம் என்றுகூட யோசித்து வைத்தான்.

ஜங்ஷன் வரை சுல்தான்தான் அவனைத் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். அவன் இறங்கியதும் வண்டியை அணைத்தார்.

“அண்ணாச்சியப் பத்தி யார்ட்டயும் சொல்லிச் சிரிச்சிராதிய தம்பி. அவருக்கு கம்ப்யூட்டர எந்தப் பொத்தான்ல போடணும்னுகூடத் தெரியாது. தேதிய மாத்துனது நான்.”

சுந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்களா? உங்களுக்கு என்ன பாய், தையும் மார்கழியும்?”

“எனக்கு ஒண்ணுமில்ல. அவரு மார்கழில ஒரு புது வெளக்குமாறுகூட வாங்க மாட்டாரு. அடுத்த வாரம் எனக்கு நோன்பு தொடங்குது, நோன்போட நான் அலையக் கூடாதுன்னு அவராவே நாள முன்னால வச்சிட்டு, நாலு நாளா தூங்காமக் கெடந்தாரு. அவருக்காக அந்தப் பெட்டிக்குள்ளயாவது தை பொறக்கட்டும்னு நெனச்சேன்.”