வீட்டிலேயே இருக்கட்டும்

"அடுத்த வாரத்துலேர்ந்து லோரென்ஸைக் கூட்டிட்டு வராதீங்க, கொர்னேலியா," என்றாள் பனிச்சறுக்கு கோச் புர்கி.

கொர்னேலியாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் விடிந்தபிறகு எழுந்ததில்லை.

"இன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒரு கொடிக்கம்பத்தைச் சுத்தி வரல, ஓட்டம் செல்லாதுன்னு நடுவர் சொன்னார். அவ்வளவுதான், ஒரே கத்தல், அழுகை. ஸ்கி குச்சியைத் தூக்கி எறிஞ்சதுல, கொஞ்சம் தவறியிருந்தா பக்கத்துல நின்ன குழந்தைக்கு மண்டை உடைஞ்சிருக்கும்."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். ராத்திரியெல்லாம் உக்காந்து ஸ்கி பலகைக்கு மெழுகு தேய்ச்ச ஆசையையாவது பாருங்க. முதல் வருஷம்தானே?"

"ஆசை இருந்தா போதுமா? தோத்தா தாங்கத் தெரியணும். மத்த அம்மா அப்பாக்கள் எங்கிட்ட வந்து புலம்பறாங்க. இந்த சீசன் முடியறவரைக்கும் வீட்லயே இருக்கட்டும்."

கொர்னேலியா தலையாட்டிவிட்டு, பனியில் கால் புதையப் புதையக் காருக்கு நடந்தாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் லோரென்ஸ். பின் சீட்டில் பத்து வயது மகள் ஸெல்மா, மார்பில் கட்டிய பந்தய எண் அட்டையைக்கூட அவிழ்க்காமல், ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"என்னவாம் உங்க கோச்சுக்கு?" என்றான் லோரென்ஸ்.

"இனிமே ஸெல்மாவை நான் மட்டும் கூட்டிட்டு வரணுமாம்."

லோரென்ஸின் உதடு துடித்தது. ஸெல்மா முன்னால் சாய்ந்து, பாதி ரொட்டியை அவனிடம் நீட்டினாள்.

"விடுப்பா. நாலு தடவை தோத்தா பழகிடும். எனக்குப் பழகிடுச்சு."