கவுண்டர் பிடித்த மண்

சென்னப்பக் கவுண்டர் மண்ணை அள்ளி இறுக்கினார்.

பிடித்த மண் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், ஏர் இறக்கக் கூடாது. தட்டினால் உதிர்ந்துவிட்டால் பதம், விதைக்கலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் ஊர்க்கவுண்டர் கையில் மண் உதிர்ந்து, அவர் வாயால் "பூட்டுங்க" என்று வராமல் இந்த ஊரில் ஒருவனும் ஏர் பூட்டமாட்டான். மீறிப் பூட்டியவன் வீட்டுச் சாவுக்குக்கூட ஆள் போகாது.

இருபது ஆம்பிளைகள் மேட்டுக்காட்டில் கைகட்டி நின்றார்கள். ஆட்டு மந்தையாவது பசித்தால் கத்தும் என்று மாரியப்பன் நினைத்தான்.

பங்குனிக் கடைசியில் பெய்த மழை. செம்மண்ணில் ஈரம் எத்தனை நாள் தங்கும்? மழை விட்டதிலிருந்து தினமும் காலையில் இதே கூத்து. அள்ளுவார், இறுக்குவார், நாளைக்கு என்பார்.

மாரியப்பன் வீட்டில் ஒரு மூட்டை விதைக்கடலை உடைத்துக் கிடந்தது. மழை விழுந்ததுமே அவன் பெண்டாட்டி உட்கார்ந்து, நகக்கண் வீங்க வீங்க உரித்தது. ஓட்டை விட்டு வந்த பருப்பு நாள் பொறுக்காது, முளைப்பு போய்விடும். அது போனால் வேறு விதை இல்லை. காடு சும்மா கிடக்கும். வீடு பட்டினி கிடக்கும்.

கவுண்டர் இன்னும் இறுக்கினார். மணிக்கட்டில் நரம்பு புடைத்தது. கோழிக் கழுத்தைத் திருகுகிற மாதிரி.

"மண்ணைப் புடிக்கறாரா, எண்ணெ புழியறாரா?" பக்கத்தில் நின்ற காளியப்பன் முணுமுணுத்தான். "அந்தப் புடி புடிச்சா சாம்பலுங்கூடக் கொழுக்கட்டை ஆயிரும்."

"சத்தமாச் சொல்றது."

"நீ சொல்லு. எம் பொண்ணுக்குக் கல்யாணம் இருக்குது."

இதுதான் இந்த ஊர் வீரம்.

மற்ற வருசங்களில் கவுண்டர் குனிந்து மண்கூட எடுக்கமாட்டார். பெண்டாட்டி ராஜாமணிதான் எடுத்து, விரலால் அளைந்து, கல்லும் குப்பையும் பொறுக்கி, அவர் கையில் வைப்பாள். அரண்மனைப் பிறப்பு. போன தையில் தொழுநோய் பார்க்கிறவர்கள் வந்து ஊரையே வரிசையில் நிறுத்தினார்கள். கண்ணை மூடச் சொல்லி, தோலில் இறகால் தொட்டு, "தெரியுதா" என்று கேட்டார்கள். கவுண்டர் மட்டும் வரவில்லை. வரிசையில் நிற்பது அவருக்குக் கேவலம்.

மழைக்கு முந்தின நாள் ராஜாமணி, மகளின் பிரசவத்துக்கென்று ஏரியூர் போய்விட்டாள். அதனால் கவுண்டர் துரை தானே குனிய வேண்டியதாயிற்று.

இறுக்கிக்கொண்டே அவர் ரோட்டைப் பார்த்தார். தர்மபுரி தனி மாவட்டமானதில் இந்த ஊருக்குக் கிடைத்தது ஒரு பஸ். அது வருகிற திசையைத் தினமும் இப்படித்தான் பார்க்கிறார். ஊர் விதை வீணாகிறது, இவருக்குப் பெண்டாட்டி வைக்கிற குழம்பு நினைப்பு. மாரியப்பன் காறித் துப்பினான்.

கவுண்டர் கையை விரித்தார். உருண்டை அப்படியே நின்றது.

"ஈரம் நிக்குது. நாளைக்குப் பாக்கலாம்."

இருபது தலைகளும் ஆடின.

மாரியப்பன் முன்னால் போனான். அந்த உருண்டையை அவர் மூக்குக்கு நேராக உடைத்துக் காட்டி, இதுவா ஈரம் என்று கேட்டுவிடுவதென்றுதான் போனான். சாவுக்கு ஆள் வராவிட்டால் போகட்டும்.

பக்கத்தில் போனதும் கால் நின்றது.

உருண்டைக்குள் ஒரு வேலமுள். நீளமானது. ஒரு முனை மண்ணுக்கு வெளியே தெரிந்தது. இன்னொரு முனை உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தது. ரத்தம் சுண்டுவிரல் ஓரமாக வழிந்து மணிக்கட்டுக்கு வந்திருந்தது.

கவுண்டர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

மாரியப்பனுக்குப் பின்னால் இருபது பேர். ஒரு சொல் போதும். இப்போது தலையாட்டியவர்களே நாளைக்கு ஊருக்கு வெளியே அவருக்குக் குடிசை போட்டுவிடுவார்கள். முதல் கம்பைக் காளியப்பன் நடுவான்.

"மாமா," என்றான் மெதுவாக. "கையைப் பாருங்க."

அவர் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார்.

மறுபடி ஒரு தடவை ரோட்டைப் பார்த்தார்.

மாரியப்பன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மறைத்து நின்றான். முள்ளைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டான். உருண்டையைத் தன் கைக்கு மாற்றிப் பெருவிரலால் அழுத்தினான். பொலபொலவென்று உதிர்ந்தது.

"உதிருதுங்க மாமா," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

கவுண்டர் கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். மாரியப்பன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பூட்டுங்க."

கூட்டம் மாடு பிடிக்க ஓடியது.

"என்ன சொல்லு, கவுண்டரு கை கைதான்," என்று சொல்லிக்கொண்டே காளியப்பன் ஓடினான்.

மாரியப்பன் ஓடவில்லை. கிணற்றுக்குப் போனான். மண் போகிறவரை கையைக் கழுவினான். மண் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தான்.